செல்போன் வயலும் நிஜ ரூபாயும்

கே: அண்ணாச்சி, பிசானத்துக்கு நாற்று பாவிய நேரத்திலும் என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து ஹே டே என்ற செல்போன் பண்ணை விளையாட்டில் கோதுமை அறுக்கிறார். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? (அம்பாசமுத்திரம்)

ப: அந்தக் கோதுமை 2 நிமிஷத்தில் விளையும், அம்மா. உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்து அம்பை 16 நெல்லுக்கு 110 நாள் வேண்டும். அதற்குள் அணையில் தண்ணீர் இருக்கிறதா, மடை திறந்தார்களா, வியாபாரி என்ன விலை சொல்வான் என்று ஆயிரம் கவலை. செல்போனில் விதைத்தது அத்தனையும் முளைக்கும். பாடுபட்டவனுக்கு அந்த ஆறுதல் இனிக்கத்தான் செய்யும், அவரைத் திட்டாதீர்கள்.

ஆனால் விளையாட்டை நடத்தும் கடைக்காரன் விற்பது பயிரை அல்ல, காத்திருப்பதை. முதல் நாள் எல்லாம் நிமிஷக் கணக்கு. போகப் போக மணிக்கணக்கு, நாள் கணக்கு. பொறுமை போகிற இடத்தில் 'வைரம் கொடுத்தால் இப்பவே' என்று ஒரு பொத்தான். என் வயிற்றெரிச்சல் நிஜ ரூபாய் கொடுத்து வாங்கும் இந்த விளையாட்டு நாணயமான வைரத்தின் மேல்தான். விலையை ரூபாயில் போட்டால் கை தயங்கும். வைரத்தில் போட்டால் 40 வைரம் எத்தனை ரூபாய் என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்? வைரப் பொட்டலமும் நமக்குத் தேவையான அளவில் இருக்காது, எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனம் வராமல் மறுபடி வாங்குவோம். ஒரு மாட்டுக்கொட்டகைக்காக இப்படியே 1,800 ரூபாய் விட்டவன் நான். வீட்டில் மின் கட்டணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

2009-இல் வந்த ஃபார்ம்வில் என்ற பண்ணை விளையாட்டில் ஸ்ட்ராபெரி 4 மணி நேரத்தில் விளையும், நேரத்துக்கு அறுக்காவிட்டால் வாடும். அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. 2020 டிசம்பர் 31-இல் ஃபேஸ்புக்கில் அதை மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வேலியும் அதோடு போச்சு.

கே: ஏழாம் வகுப்புப் பையன் என் போனில் 6,400 ரூபாய்க்கு வைரம் வாங்கிவிட்டான். பின் நம்பரை நான்தான் முன்பு சொல்லியிருந்தேன். (பாளையங்கோட்டை)

ப: பீரோ சாவியையும் கொடுத்திருக்கிறீர்களா? சரி, வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுள் பிளேயிலேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இன்றைக்கே பின் நம்பரை மாற்றுங்கள்.

கே: டெலிகிராமில் 300 ரூபாய்க்கு 'அளவில்லா வைரம்' செயலி வாங்கினேன். வேலை செய்யவில்லை. (வள்ளியூர்)

ப: செய்திருந்தால்தான் ஆச்சரியம். முதலில் அதைப் போனிலிருந்து அழியுங்கள்.

கே: கோழிப்பண்ணை விளையாட்டு என்றார்கள். பணம் கட்டிக் கோழி வாங்கினால் தினமும் முட்டைக்காசு. ஒரு வாரம் வந்தது. தங்கச்சியையும் சேர்த்துவிட்டேன். 12,000 ரூபாயோடு செயலியே காணோம். (களக்காடு)

ப: உங்கள் மேல் தப்பில்லை, தாயி. ஆள் சேர்ப்பதற்காகவே முதல் வாரம் காசு கொடுப்பார்கள். அதுவும் புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டிய பணம்தான். உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பணம் அனுப்பிய ரசீது, பரிவர்த்தனை எண், அவர்கள் அனுப்பிய செய்தி எதையும் அழிக்க வேண்டாம். 'பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்' என்று அடுத்து ஒருவன் வருவான். அவனுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். தங்கச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவரும் தனியாகப் புகார் கொடுக்கட்டும்.

கே: மகளுக்கு வாங்கித் தர நல்ல பண்ணை விளையாட்டு? (தச்சநல்லூர்)

ப: ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், வைரம் கிடையாது. 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்று இதுவும் இழுக்கும். ராத்திரி 10 மணிக்குப் போனை வாங்கி வையுங்கள்.

கே: டிராக்டர் ஓட்டும் விளையாட்டுக்கு ஸ்டியரிங் வாங்கலாமா? (சேரன்மகாதேவி)

ப: என்னுடையது பரணில் கிடக்கிறது. 9,000-க்கு வாங்கினேன், பாதி விலைக்குத் தருகிறேன்.