வாசகர் கேள்வி பதில்: கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?

குடியேற்றத்தைப் பற்றி ஆய்வு எழுதும் மாணவர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தமிழர் மலாயாவுக்கு வந்த வரலாற்றைப் பற்றி எஸ்.டி.பி.எம். (மலேசிய உயர்நிலைப் பள்ளித் தேர்வு) இடுபணி எழுதுகிறேன். இணையத்திலிருந்து பதினான்கு இடங்களைக் குறித்துக் கொடுத்தேன். ஆசிரியை எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்து, "நம்பகமான ஆதாரம் வேண்டும்" என்று எழுதிவிட்டார். பதினான்கு பேர் ஒன்றையே சொன்னால் போதாதா? யோசித்துப் பார்த்தால், இதுவரை நான் எதையும் படிக்கவில்லை, சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று தோன்றுகிறது. இனி எங்கிருந்து தொடங்குவது?
— மாணவி, பட்டர்வொர்த்

பதில்: பதினான்கு பேரும் ஒருவரைப் பார்த்து எழுதியிருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரே ஆதாரம்தான். சேர்த்ததைத் தூக்கிப்போட வேண்டாம். அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். முதல் வாக்கியத்துக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும்.

பெரும்பாலான கட்டுரைகளில் வரும் ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: "சஞ்சிக்கூலி முறை ஒழிக்கப்பட்டது." சஞ்சிக்கூலி என்பது ஒப்பந்தக் கூலி. ஒழிக்கப்பட்டது எந்த ஆண்டு? ஒரு பக்கம் 1910 என்கிறது, இன்னொன்று 1917, மற்றொன்று 1920. 1938 என்று எழுதுகிறவர்களும் உண்டு. நான்குமே நிஜமான ஆண்டுகள். நான்கும் வெவ்வேறு விஷயங்களுக்கு உரியவை. மலாயாவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது 1910-ல் நின்றது. முன்பே கைநாட்டு வைத்தவர்களின் ஒப்பந்தம் தீர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 1917-ல் இந்திய அரசு போர்க்கால நடவடிக்கையாக எல்லா நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலி அனுப்புவதை நிறுத்தியது. 1920 ஜனவரியில் ஃபிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. ஃபிஜி பற்றிய கட்டுரையைப் பார்த்து எழுதியவர் மலாயாவுக்கும் அதே ஆண்டைப் போட்டுவிடுகிறார். 1938 ஜூனில் நின்றதோ வேறு. ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணி வழியாகவும் நிதி உதவியோடும் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்தது அப்போதுதான். அந்த ஆண்டு தோட்டங்களில் ஆண்களின் நாள் கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்ததே உடனடிக் காரணம்.

ஆக, "யார் சொன்னார்" என்று கேட்பதற்கு முன் "எந்த முறையை, எந்த நாட்டைப் பற்றிச் சொன்னார்" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பின்னோக்கிப் போகும் வழி இதுதான். இணையக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு நூல் இருக்கும். அடிக்குறிப்பே இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு வைத்துவிடுங்கள், மேற்கோள் காட்டாதீர்கள். நூலை எடுத்து அதன் அடிக்குறிப்பைப் பாருங்கள். மலாயா இந்தியர் குடியேற்றத்துக்குக் கெர்னியல் சிங் சந்து எழுதி 1969-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் நல்ல நுழைவாயில். சொல்வதற்கெல்லாம் ஆவணம் காட்டியிருப்பார். அங்கிருந்து மலாயாத் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளுக்கும், இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1917-ல் வந்த மார்ஜோரிபேங்க்ஸ் – மரைக்காயர் அறிக்கைக்கும், 1937-ல் வந்த சீனிவாச சாஸ்திரி அறிக்கைக்கும் போகலாம்.

அங்கே போனதும் ஓர் ஆபத்து இருக்கிறது. அரசு அறிக்கை கையில் கிடைத்துவிட்டால் மாணவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். தொழிலாளர் இலாகா தோட்ட முதலாளிகளோடு தினமும் பேசிப் பழகிய இலாகா. தொழிலாளர் நலன் பார்க்க இந்திய அரசு நியமித்த ஏஜெண்டு கோலாலம்பூரில் இருந்துகொண்டு தனி அறிக்கை எழுதினார். அவர் தோட்டத்துக்குப் போனாலும் துரையும் (தோட்ட மேலாளர்) கிராணியும் (எழுத்தர்) பக்கத்தில் நிற்கத்தான் பேச முடிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒரே ஆண்டுக்கான இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூலி பற்றிய பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்றில் நாள் கூலி மட்டும் இருக்கும். மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் என்பது இருக்காது. நாள் கூலி குறையாமலே மாதச் சம்பளம் குறையும் விதம் அப்போது விளங்கும். இப்படி ஒரே ஒரு பக்கம் எழுதினாலும் போதும், உங்கள் ஆசிரியையின் சிவப்பு மை அந்தப் பக்கத்துக்கு வராது.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா 1924-ல் ரஜூலா கப்பலில் வந்தார் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவர் மகள், எங்கள் பாட்டிக்கு 91 வயது. நினைவு தெளிவாக இருக்கிறது. இதை ஆய்வில் எழுதலாமா?
— பல்கலைக்கழக மாணவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எழுதலாம், ஆனால் இப்படியே எழுத முடியாது. ரஜூலா கட்டப்பட்டதே 1926-ல்தான். 1924-ல் வந்தவர் அதில் வந்திருக்க முடியாது. ஆண்டு தவறாக இருக்கலாம், கப்பல் தவறாக இருக்கலாம். இன்னொரு வாய்ப்பும் உண்டு: 1924-ல் வேறு கப்பலில் வந்து, ஊருக்குப் போய்ப் பெண் பார்த்து, திரும்பி வரும்போது ரஜூலாவில் ஏறியிருக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை அந்தக் கப்பல் ஓடியது. மூன்று தலைமுறை ஏறி இறங்கிய பெயர் என்பதால், அதற்கு முந்திய கப்பல்களின் பயணங்களும் பல குடும்பங்களில் அதன் கணக்கில் சேர்ந்துவிட்டன. பாட்டி பொய் சொல்லவில்லை. அப்பா சொன்னதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்.

பாட்டியிடம் "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். ஜப்பான்காரன் வந்தபோது உங்களுக்கு விவரம் தெரியுமா, அப்போது அண்ணனுக்குப் பல் விழுந்துவிட்டதா, சயாம் ரயில் போடத் தோட்டத்திலிருந்து யாரையாவது பிடித்துக்கொண்டு போனார்களா என்று கேளுங்கள். ஜப்பானியர் இறங்கியது 1941 டிசம்பர், சயாம்–பர்மா ரயில் பாதை போட்டது 1942–43. அந்த முளைகளில் கயிற்றைக் கட்டினால் மற்ற ஆண்டுகளை நீங்களே கணக்கிடலாம். பிறகு கப்பல்: நாகப்பட்டினத்தில் ஏறினாரா, ஆவடி முகாமில் தங்கவைத்தார்களா? இறங்கியதும் நேரே தோட்டத்துக்கா, நடுவில் எங்காவது அடைத்து வைத்தார்களா? பினாங்குக்கு வந்தவர்களை ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் தனி முகாம் இருந்தது. "தீவில் வைத்து மருந்து தெளித்தார்கள்" என்று பாட்டி சொன்னால், கொள்ளுத்தாத்தா இறங்கிய துறைமுகம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

தோட்டத்து வாழ்க்கைக்குத் தோட்டத்துச் சொற்களிலேயே கேளுங்கள். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு) எத்தனை மணிக்குப் போவார், கங்காணி சொந்த ஊர்க்காரரா, தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) யார், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு வீட்டில் எத்தனை குடும்பம், கித்தா பால் மங்கு (ரப்பர் பால் கிண்ணம்) எத்தனை மரத்துக்கு வைத்தார்கள்? "அக்காலச் சமூகச் சூழல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான் அய்யா" என்ற ஒரு பதிலோடு பேட்டி முடிந்துவிடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் உட்காரவைக்க வேண்டாம். இரண்டாம் முறை போகும்போது முதல் முறை கேட்ட மூன்று கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். மாறாத பதிலை ஒரு நிறத்திலும் மாறிய பதிலை வேறு நிறத்திலும் குறித்து வையுங்கள்.

ஊர்ப்பெயரில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒரே பெயரில் பத்து 'பட்டி' இருக்கும். தாலுகாவைக் கேட்டு எழுதுங்கள். பழைய தாளில் இன்றைய மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. திருவாரூரும் நாகப்பட்டினமும் அன்று தஞ்சாவூர் ஜில்லா. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லா.

வீட்டு இரும்புப்பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். பழைய கடவுச்சீட்டின் முத்திரை, பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், அவசரகாலத்தில் 1948 முதல் கொடுத்த அடையாள அட்டை ஆகியவை கிடைக்கலாம். அட்டையில் உள்ள பிறந்த ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். எழுதிய எழுத்தர் முகத்தைப் பார்த்துப் போட்ட ஆண்டாகக்கூட இருக்கும். எதையும் உருவிக்கொண்டு போகாதீர்கள். இருந்த இடத்திலேயே வைத்து, முன்னும் பின்னும் படமெடுங்கள். பின்பக்கத்துப் பென்சில் குறிப்புதான் பல நேரம் முக்கியம். கப்பலின் டெக் பயணிகள் பட்டியலில் கொள்ளுத்தாத்தா பெயரைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று ஆய்வைத் தொடங்கவும் வேண்டாம்.

கேள்வி: கோலாலம்பூர் தேசிய ஆவணக்காப்பகமான அர்கிப் நெகாராவுக்குப் போனேன். பினாங்குத் தமிழரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. சிலாங்கூர் கோப்புகளே வந்தன. ஏன்?
— ஆய்வு மாணவி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நீங்கள் தவறான அரசாங்கத்தின் கதவைத் தட்டினீர்கள். பினாங்கும் அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று அழைக்கப்பட்ட செபராங் பிறையும் நீரிணைக் குடியேற்றங்கள் (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்) என்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தவை. தலைமையிடம் சிங்கப்பூர். 1867-க்கு முன் அவை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. அந்த ஆண்டுதான் லண்டன் குடியேற்ற அமைச்சுக்கு மாறின. ஆகவே செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு 1850-களில் வந்தவர்களைப் பற்றிய தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்திய அலுவலகப் பதிவுகளில் இருக்கும். 1867-க்குப் பிந்தியவை லண்டன் கியூவில் உள்ள ஆவணக்காப்பகத்தில் 'சி.ஓ. 273' என்ற வரிசையில் இருக்கும். ஆள் புறப்பட்ட பக்கத்துத் தாள்களுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகம். கோலாலம்பூரில் உங்களுக்குக் கிடைத்த சிலாங்கூர் செயலகக் கோப்புகள் 1875-லிருந்து தொடங்குபவை. கிள்ளான், காஜாங் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவருக்கு அவை பொக்கிஷம். கெடா வேறொரு கதை. 1909 வரை சயாமின் செல்வாக்கில் இருந்த மாநிலம்.

லண்டனுக்குப் போக வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். பினாங்கில் வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ போன்ற தாள்களும் அதில் இருக்கின்றன. தேடும்போது அன்றைய சொல்லைப் போடுங்கள். 'நாகப்பட்டினம்' என்பதை அவர்கள் 'நெகபட்டம்' என்று எழுதினார்கள். ஒப்பந்தக் கூலிக்குச் சட்டப் பெயர் 'ஸ்டாட்யூட் இமிகிரண்ட்'. தமிழரைக் 'கிளிங்' என்றார்கள். இன்று அது வசைச்சொல். மேற்கோளுக்குள் மட்டும் வரட்டும். தெலுக் இந்தான் அன்று தெலுக் ஆன்சன், போர்ட் கிள்ளான் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம். மங்கிய அச்சை இயந்திரம் தப்பாக வாசிக்கும் என்பதால், ஒரு சொல்லில் கிடைக்காததை அதே செய்தியில் வரக்கூடிய இன்னொரு சொல்லில் தேடுங்கள்.

அர்கிப் நெகாராவுக்கு மறுபடி போகும்போது கோப்பு எண்களை இணையப் பட்டியலில் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போங்கள். பென்சில், மைகாட் (அடையாள அட்டை), கல்லூரிக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு தாளையும் படமெடுப்பதற்கு முன் கோப்பு எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதை ஒரு படம் எடுங்கள். இதைச் செய்யாதவர்கள் மூன்று மாதம் கழித்து, எந்தக் கோப்பு என்று தெரியாத நானூறு படங்களோடு தவிக்கிறார்கள்.

கேள்வி: மக்கள்தொகை எண்கள் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. எதை எடுப்பது?
— மாணவர், ஜார்ஜ்டவுன்

பதில்: எல்லையைப் பாருங்கள். 1931, 1947 கணக்கெடுப்புகளில் சிங்கப்பூரும் சேரும். 1957-ல் மலாயாக் கூட்டரசுக்குத் தனிக் கணக்கு. அடுத்து, தலைப்பு: இலங்கைத் தமிழரை 1957-ல் 'மற்றவர்' பக்கம் எண்ணினார்கள், 1970-ல் இந்தியரோடு சேர்த்தார்கள். இரண்டையும் அப்படியே கழித்துப் பார்த்து "வளர்ச்சி" என்று எழுதினால் தவறு. வந்தவர் எண்ணிக்கையையும் வாழ்ந்தவர் எண்ணிக்கையையும் கலக்காதீர்கள். மூன்று முறை ஊருக்குப் போய் வந்தவர் துறைமுகக் கணக்கில் மூன்று பேர்.

கேள்வி: இன்றைய வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் 60 லட்சம் என்கிறார்கள், செய்தியில் வேறு எண். உண்மை எது?
— கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 2020 கணக்கெடுப்பில் மலேசியாவில் குடிமக்கள் அல்லாதவர் ஏறக்குறைய 27 லட்சம். மொத்த மக்கள் 3 கோடியே 24 லட்சம். அந்த 27 லட்சத்தில் தொழிலாளர் மட்டும் இல்லை. மாணவர், குடிமக்களின் வெளிநாட்டுத் துணைவர், நிரந்தரவாசிகள் எல்லோரும் அடக்கம். தற்காலிக வேலைப் பெர்மிட் வைத்திருப்போர் கணக்கு குடிநுழைவுத் துறையினுடையது. பெர்மிட் காலாவதியானவர் அதிலிருந்து விழுந்துவிடுவார், நாட்டை விட்டுப் போயிருக்க மாட்டார். பதிவான அகதிகள் கணக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தினுடையது. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராததால், சட்டத்தின் பார்வையில் அவர்களுக்கு 'அகதி' என்ற தனித் தகுதி இல்லை. பதிவே இல்லாதவர்களின் எண் யார் சொன்னாலும் மதிப்பீடுதான். எப்படி மதிப்பிட்டார்கள் என்று சொல்லாத எண்ணை எழுதாதீர்கள். அமைச்சர் சொன்னதாகச் செய்தி வந்தால் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கையில் அந்தத் தேதியைத் திறந்து, கேள்வி என்ன கேட்கப்பட்டது என்று முதலில் வாசியுங்கள். அந்த அறிக்கை இணையத்தில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பேட்டி எடுக்கும் தொழிலாளியின் அட்டையையோ முகத்தையோ தங்குமிடத்தையோ படமெடுக்க வேண்டாம். பெயரை மாற்றுங்கள், முதலாளி பெயரையும் எழுதாதீர்கள். உங்கள் மதிப்பெண்ணுக்காக அவர் வேலை போகக் கூடாது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் நூல் பட்டியல் கேட்கலாமா?
— பெயர் வேண்டாம், ஈப்போ சாலை

பதில்: கேட்கலாம். கிடைத்த ஒவ்வொரு தலைப்பையும் தேசிய நூலகத்தின் பட்டியலிலோ மலாயாப் பல்கலைக்கழக நூலகப் பட்டியலிலோ தேடுங்கள். உண்மையான ஆசிரியர் பெயரோடு அவர் எழுதாத நூலைச் சேர்த்துத் தருவது அதற்கு வழக்கம். பக்க எண்ணையும் கற்பனையாகத் தரும். நூலைக் கையில் எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்க்கும்வரை அது உங்கள் அடிக்குறிப்பில் ஏற வேண்டாம்.