ஆட்டுத்தோல் உரிக்க எந்தக் கத்தி?

கேள்வி: சேலம் மாவட்டத்தில் கறிக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு, பத்து ஆடு வரை அறுப்போம். தோல் வாங்க வருகிற வியாபாரி, பாதித் தோலில் ஓட்டையும் கீறலும் இருக்கிறது என்று விலையைக் குறைக்கிறார். எலும்பிலிருந்து கறி எடுக்கும் கூர்முனைச் சூரிக்கத்தியால்தான் தோலும் உரிக்கிறோம். மான்தோல் உரிப்பதற்கென்று முதுகில் கொக்கி வைத்த கத்தி இணையத்தில் விற்கிறது. அதை வாங்கலாமா, பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா?

பதில்: கொக்கிக் கத்தி வேண்டாம். அது அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் தேவைக்கு உருவானது. காட்டில் தரையில் கிடக்கும் மானின் வயிற்றைக் குடல் கிழியாமல் திறப்பதற்குத்தான் அந்தக் கொக்கி. தோலைப் பிரிக்கும் வேலையில் அதற்குப் பங்கே இல்லை. ஒரே கத்தியால் மூட்டையும் பிரிக்க வேண்டியிருப்பதால் அலகின் முதுகை 3, 4 மி.மீ. தடிமனில் வைக்கிறார்கள், ஆட்டுக்கு அது மிகவும் மொத்தம். கொக்கிக்குள் முடியும் கொழுப்பும் அடைத்துக்கொள்ளும். அந்த உள்வளைவைச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது, எலிவால்போல் ஒல்லியான உருண்டை அரம் வேண்டும். நம் நாட்டில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்தக் கத்திக்கு இங்கே அதன் சொந்த வேலையும் கிடையாது.

கத்தி வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உரித்த தோலை முடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு செ.மீ. நீளத்தில் சின்னச் சின்னப் பொத்தல்கள், அதுவும் கால் இடுக்கிலும் அடிவயிற்றோரத்திலும் இருந்தால், குற்றவாளி கத்தியின் முனை. தோலைத் துளைக்காமல் உட்பக்கத்தில் மட்டும் நீளக் கோடுகள் ஓடியிருந்தால், கத்தியைப் பிடித்த சாய்வு தவறு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆனால் ஒன்றுக்குக் கத்தியை மாற்ற வேண்டும், மற்றதற்குக் கையை மாற்ற வேண்டும்.

முனை ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? எலும்பைச் சுற்றிக் கறி எடுக்கும் கத்திக்கு ஒடுங்கிய கூர்முனை தேவை. மூட்டுக்குள் நுழைய வேண்டுமே. தோல் உரிக்கும்போது இடது கை தோலை இழுக்கிறது, வலது கை அலகை ஓட்டுகிறது, கண் அலகின் நடுவில் இருக்கிறது. அந்த நேரத்தில் முனை இரண்டு விரல்கடை முன்னால் சவ்வுக்கு அடியில் மறைந்து நிற்கிறது. தோல் சற்றுச் சுருங்கி மடிந்தால் போதும், அந்த மடிப்பைக் குத்திவிடும். அடிவயிற்றோரத் தோல் முதுகுத் தோலைவிட மெல்லியது என்பதால் அங்கே எந்தத் தடையும் தெரியாமலே கத்தி வெளியே வந்துவிடும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது முனை மேல்நோக்கி வளைந்த, நுனி மழுங்கலாக உருண்ட, வயிறு பெருத்த அலகு. ஆட்டுக்கு 13 முதல் 15 செ.மீ. நீளம் போதும், அதாவது ஐந்து அல்லது ஆறு அங்குலம். அகலம் 3 செ.மீ. சுற்றி. அதற்கு மேல் அகலமானால் முழங்காலைச் சுற்றித் திருப்ப முடியாது. முதுகுத் தடிமன் 2 மி.மீ., மிஞ்சினால் இரண்டரை. வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், முதல் பாதி நேராக வந்து, மீதிப் பாதி படகின் அடிப்பாகம்போல் மேலே ஏற வேண்டும். இந்த வளைவுக்கு ஒரு காரணம் உண்டு. நேர்வாய்க் கத்தியை இழுத்தால் முழு நீளமும் தோலில் பதிகிறது. எங்கே அழுத்தம் கூடுகிறது என்று கைக்குத் தெரியாது. வளைந்த வாயில் எந்த நேரத்திலும் ஓர் அங்குலம்கூடத் தோலைத் தொடுவதில்லை. தொடும் இடம் சவ்வுதானா என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

வாங்குவதானால் கடையில் 'ஸ்கின்னிங் கத்தி' என்றே கேளுங்கள். விக்டோரினாக்ஸ், எஃப். டிக் போன்ற நிறுவனங்கள் கறிக்கடைக்காரர்களுக்கென்றே இந்த வடிவத்தைச் செய்கின்றன. துருப்பிடிக்காத எஃகில், எஃகின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ராக்வெல் அளவில் 54 முதல் 57 வரை இருந்தால் நல்லது. அதைவிட மென்மையானால் ஓர் ஆடு முடிவதற்குள் வாய் மடங்கும். 60-க்கு மேல் போனால் எலும்பில் பட்டுப் பொடி உதிரும், வேலைக்கு நடுவில் தீட்டுக் கம்பியில் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிசெய்யவும் முடியாது. விலை அதிகமான, மிகக் கெட்டியான எஃகு இந்த வேலைக்கு உதவாது.

பிடியை மறக்காதீர்கள். உரிக்கும் கையில் ரத்தமும் கொழுப்பும் இல்லாத நேரமே கிடையாது. அலகும் பிடியும் சேரும் இடத்தில் விரல் முன்னால் வழுக்கிப் போகாமல் தடுக்கும் மேடு கட்டாயம் வேண்டும். சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி நல்லது. மரப்பிடி பார்க்க அழகாக இருக்கும், கைக்கும் இதமாக இருக்கும்; ஆனால் ஆணி அடித்த இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் கொழுப்பு உள்ளே போய் நாறத் தொடங்கும், கழுவியும் போகாது. கடையிலேயே விரல்களில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் அந்தக் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டறையில் செய்துகொள்வதும் நல்ல யோசனைதான். லாரி ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 சதவீதம் கரி இருக்கும், கத்திக்குப் போதும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் கொல்லர்களின் கை அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் பழகியது. விடாமல் சொல்லாவிட்டால் 4 மி.மீ. முதுகோடுதான் வரும். அட்டையில் வடிவத்தை வெட்டிக் கொடுங்கள், 2 மி.மீ. தடிமனுக்கு ஒரு தகட்டுத் துண்டையும் மாதிரியாகக் கொடுங்கள். நுனியை உங்கள் சுட்டுவிரல் நகத்தின் வளைவுக்கு உருட்டச் சொல்லுங்கள். உடைந்த ரம்பத் தகட்டில் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இயந்திர ரம்பத் தகடு மிகவும் கெட்டி, கீழே விழுந்தாலே உடையும். பட்டறைக் கத்தி துருப்பிடிக்கும். ரத்தத்தில் உப்பு இருப்பதால் ஈரத்தோடு வைத்தால் ஒரே இரவில் புள்ளி விழும். கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு வைக்க வேண்டும்.

இரண்டுக்கும் இப்போது கையில் பணமில்லை என்றால், இருக்கும் சூரிகளில் பழைய ஒன்றை எடுத்து, சொரசொரப்பான சாணைக்கல்லில் நுனியை 3 மி.மீ. தேய்த்து உருட்டிவிடுங்கள். வளைவு கிடைக்காது, ஆனால் பொத்தல் அன்றைக்கே குறையும். அதற்குப் பிறகு அந்தக் கத்தியைக் கறி எடுக்கத் தொடக்கூடாது, தோலுக்கு மட்டும்.

இனி கைக்கு வருவோம். நல்ல கத்தி வாங்கியும் தோல் கெடுவதற்கு முதல் காரணம், கத்தியை அளவுக்கு மேல் ஓட்டுவது. ஆட்டுத் தோலில் கத்தி தேவைப்படுவது சில இடங்களில்தான். குதிகாலில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டதும், நான்கு கால்களிலும் மூட்டுக்கு மேல் வட்டமாக ஒரு வெட்டு, காலின் உட்புறமாக அடிவயிற்று நடுக்கோட்டுக்கு ஒரு வெட்டு, பிறகு நடுக்கோட்டில் கழுத்துவரை ஒரு வெட்டு. இந்த வெட்டுகளில் சின்னத் துளை போட்டு, வாய் மேல்நோக்கி இருக்கும்படி கத்தியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். வெளியிலிருந்து அறுத்தால் முடி துண்டு துண்டாகிக் கறியில் ஒட்டும், கறியிலும் கோடு விழும்.

அதற்குப் பிறகு தொடையிலும் நெஞ்சிலும் நான்கு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் கத்தியால் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். தோலை இழுத்துப் பிடித்தால் தோலுக்கும் கறிக்கும் நடுவில் சிலந்தி வலைபோல் வெள்ளைச் சவ்வு விறைத்து நிற்கும். அதில் கத்தியின் வளைவு தொட்டாலே போதும், தானாக விலகும், அறுக்கும் சத்தமே வராது. 'சரக்' என்று சத்தம் கேட்டால் தோலையோ கறியையோ வெட்டுகிறீர்கள். வாய் எப்போதும் மயிரிழை அளவு கறிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தோலின் பக்கம் சாய்ந்தால்தான் அந்த நீளக் கோடுகள் விழுகின்றன. இடது கை தளர்ந்தால் தோல் மடியும், மடிந்தால் வெட்டுப்படும். இழுப்பு விடவே கூடாது.

இவ்வளவு திறந்ததும் கத்தியை வைத்துவிடுங்கள். கையை முஷ்டியாக மடக்கி, விரல் மூட்டுகள் தோலின் உட்பக்கம் அழுந்தும்படி நெஞ்சிலிருந்து விலாவுக்கும், விலாவிலிருந்து முதுகுக்கும் தள்ளிக்கொண்டே போங்கள். முதுகு வந்தபின் இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் கழுத்துவரை சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். மெல்லிய சவ்வு கறியின்மேலேயே தங்கும். அது கறி காயாமல் காக்கும். அறுத்த சூட்டோடு செய்ய வேண்டியது முக்கியம். பத்து ஆட்டையும் வரிசையாக அறுத்துப் போட்டுவிட்டு உரிக்கத் தொடங்கினால், கடைசி ஆடு ஆறிச் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முஷ்டிக்கு மசியாது, கத்தியை எடுப்பீர்கள், ஓட்டை விழும். உங்கள் தோல்களில் பாதி மட்டும் கெடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டிரண்டாக அறுத்து உரியுங்கள். தோலுக்கும் கறிக்கும் நடுவில் வாயால் காற்று ஊதும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், ஊதுபவரின் எச்சிலும் நோயும் கறிக்குள் போகும்.

கத்தி இரண்டாக இருந்தால் வசதி. ஒன்று வேலையில், மற்றது வெந்நீரில். இறைச்சிக்கூடங்களில் கத்தியை நனைக்கும் நீருக்கு 82 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். முடிப்பக்கம் பட்ட கத்தியைக் கழுவாமல் கறியில் வைக்கக்கூடாது.

தீட்டுவதில் கணக்கு எளிது. 3 செ.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 20 டிகிரி வரும், அதுதான் வேண்டும். வளைவு வரும்போது பிடியை மெல்ல உயர்த்திக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் நுனிப்பக்கம் மழுங்கலாகவே நிற்கும். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு கட்டியதா என்று விரலால் குறுக்கே தடவிப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். வேலைக்கு நடுவில் இரண்டு ஆட்டுக்கு ஒருமுறை தீட்டுக் கம்பியில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு. மோட்டார் சாணை வைத்துத் தெருவில் வருபவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு ஒரு நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் என்றால் 300 டிகிரியை ஒட்டிய சூடு. அந்த இடத்தில் கெட்டித்தன்மை போயிற்று என்று பொருள். நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் கத்தியின் கூர் மறுபடி நிற்கும்.

கீறலைப் பற்றி வியாபாரி சொல்வதையும் வீண் பேரம் என்று நினைக்க வேண்டாம். பச்சைத் தோலில் கண்ணுக்குப் படாத கோடு, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ திண்டுக்கல்லிலோ பதனிட்டுச் சீவும்போது வெளியே தெரியும். செருப்பின் மேல்தோலாக இழுத்து மாட்டும்போது சரியாக அந்தக் கோட்டிலேயே கிழியும். நடு முதுகில் ஒரு பொத்தல் இருந்தால் தோல் முழுவதையும் அதைத் தவிர்த்துத் துண்டு போட வேண்டும். மேச்சேரிச் செம்மறித் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு உண்டு. உங்கள் பக்கத்து ஆட்டை அறுத்துவிட்டு அந்த மதிப்பைக் கத்தி முனையில் இழப்பது நியாயமில்லை.

உரித்த தோலைக் குவித்து வைக்காதீர்கள். ஒட்டிய கறியையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், தோல் எடையில் பாதி அளவு உப்பை உட்பக்கம் முழுவதும் தேய்க்க வேண்டும். இரண்டு கிலோத் தோலுக்கு ஒரு கிலோ. கால் ஓரமும் கழுத்து மடிப்பும்தான் உப்பு படாமல் முதலில் அழுகும், அங்கே கையால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். முதல் நான்கு வாரத்துக்கு ஒவ்வொரு தோலிலும் எத்தனை பொத்தல், எந்த இடம், யார் உரித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த பேரத்தின்போது அந்த நோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.