ஈரம் எங்கிருந்து வருகிறது?
(கட்டடம் - கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் வீடு இரண்டாவது மாடியில். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இறங்கி, எங்கள் படுக்கையறைச் சுவர் இரண்டு வருடமாகக் காயவே இல்லை. மேல்வீட்டார், "அது வெளிச்சுவரில் இறங்கும் மழைத் தண்ணீர்" என்கிறார். முன்சீப் கோர்ட்டில் வழக்கு போட்டோம். இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் வந்து பார்த்துவிட்டு, 'சுவரில் ஈரக்கறைகள் காணப்படுகின்றன' என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி கூட இல்லை. வழக்கே போய்விட்டதா ஐயா? (வாசகி, திருச்சி)

பதில்: போகவில்லை அம்மா. முதலில், கமிஷனர் வேண்டும் என்று உங்கள் தரப்பில் போட்ட மனுவின் நகலை எடுத்துப் பாருங்கள். 'தாவா சொத்தை (வழக்கில் உள்ள சொத்தை)ப் பார்வையிட்டு, உள்ள நிலையைக் குறித்து அறிக்கை தர' என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். கேட்டதை அவர் கொடுத்துவிட்டார். அவர் வக்கீல். குழாய்த் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் பிரித்துச் சொல்வது அவர் வேலை இல்லை.

கமிஷனர்களுக்குத் துணையாகப் போகும் இன்ஜினியராகப் பதினான்கு வருடம் வேலை செய்திருக்கிறேன். நான் பார்த்த ஒழுகல் வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சிக்கி நின்றன. ஈரம் இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். ஏன் இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. அறிக்கைக்கு எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 10-இன்படி அறிக்கை வழக்கின் ஆவணமாகிவிடும். ஆனால் கோர்ட் அனுமதியோடு கமிஷனரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம். அறிக்கை போதாது என்று கோர்ட் கருதினால் மேற்கொண்டு ஆய்வு செய்யவும் சொல்லலாம். இதற்காகப் புதிய கமிஷனரைக் கேட்காதீர்கள். பழைய அறிக்கையை ஒதுக்காமல் இன்னொருவரைப் போட நீதிமன்றங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. அதே கமிஷனருக்கே வாரண்டை (ஆய்வுக்கான கோர்ட் உத்தரவை)த் திரும்பக் கொடுத்து, கூட ஒரு சிவில் இன்ஜினியரை அனுப்பச் சொல்லுங்கள். அறிவியல் ஆய்வுக்கென்றே 1976 திருத்தத்தில் சேர்த்த 10-ஏ விதியும் இருக்கிறது. உங்கள் வக்கீலுக்கு இதெல்லாம் தெரியும். கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் நீங்கள் அவருக்கு உதவ வேண்டும்.

இப்படி எழுதலாம்: 'மேல்வீட்டுக் குளியலறைத் தளத்தில் சாயத் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே இறங்குகிறதா என்று சோதிக்க. தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் தனித்தனியே சோதிக்க. வெளிச்சுவரில் தண்ணீர் அடித்துச் சோதிக்க. ஈரத்துக்கு இவற்றில் எது காரணம், அதைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று சொல்ல.'

இது நடக்குமா என்று நினைக்காதீர்கள். இதே மாதிரி ஒரு வழக்கில் மேல்வீட்டு வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சிவப்புச் சாயம் கரைத்தோம். கீழே கமிஷனர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்றுமே இல்லை, கீழ்வீட்டு அம்மாவின் முகம் வாடிப்போனது. மறுநாள் காலை ஏழரைக்குச் சுவரும் கூரையும் சேரும் மூலையில் விரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்பு தெரிந்தது. கமிஷனர் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் அன்றைய பேப்பரையும் பிடித்துப் படம் எடுத்தார். மேல்வீட்டாரே கூட நின்று பார்த்தார். அடுத்த வாய்தாவில் சமரசம் பேசி முடித்துக்கொண்டார்கள்.

சாயம் இறங்காமலும் போகலாம். அப்போது தளத்தின் மேல் குற்றமில்லை என்று நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது குழாய், அப்புறம் வெளிச்சுவர்.

கேள்வி: 24 வீடுகள், சாவி வாங்கி நான்கரை வருடம். கார் நிறுத்தும் தளத்தில் தூண்கள் வெடித்துக் கம்பி தெரிகிறது. எங்கள் இன்ஜினியர் 'கான்கிரீட் தரம் குறைவு' என்கிறார். பில்டரின் இன்ஜினியர் 'தரம் நன்று, பராமரிப்புதான் இல்லை' என்கிறார். கோர்ட்டுக்குப் போனால் எதை நம்புவார்கள்? (அசோசியேஷன் செயலாளர், தாம்பரம்)

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப மாட்டார்கள். நிபுணர் சொல்வது கருத்துதான். 1872 சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆவது பிரிவாகியிருக்கிறது. இரண்டிலும் நிலை இதுவே. கருத்துக்குப் பின்னால் இருக்கும் சோதனையைத்தான் எடைபோடுவார்கள்.

அதனால் இரண்டு அறிக்கைகளிலும் முடிவுரையை விட்டுவிட்டுச் சோதனைப் பக்கங்களைப் படியுங்கள். பில்டர் தரப்பில் ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டில் அடித்து, அது எவ்வளவு எகிறுகிறது என்று அளக்கும் சுத்தியல்) மட்டும் அடித்திருந்தால், அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். பூச்சை உரிக்காமல் அடித்திருந்தால் அந்த எண்ணை வைத்துக் கான்கிரீட்டைப் பற்றிப் பேசவே முடியாது. உங்கள் இன்ஜினியர் கோர் (தூணைத் துளைத்து எடுக்கும் உருளை வடிவ மாதிரி) எடுத்தாரா? எத்தனை? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 மூன்றுக்குக் குறையக் கூடாது என்கிறது. கோர்களின் சராசரி வலிமை, அந்தக் கலவைக்குரிய வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்தக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்25 கலவை (சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை) என்றால் சராசரி 21.25, தனிக் கோர் 18.75 நியூட்டன். கம்பி துருப்பிடித்திருப்பதால், துருவை உண்டாக்கும் உப்பான குளோரைடின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் அடுக்குமாடியின் தளங்கள் இடிந்து இருவர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தை ஆராய்ந்த ஐஐடி டெல்லி குழு சுட்டிக்காட்டியது குளோரைடைத்தான்.

இரு தரப்புக்கும் பொதுவான நிபுணர் ஒருவரை நியமிக்கக் கோர்ட்டிடம் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களின் சிவில் துறையைச் சொல்லலாம். எந்தத் தூணில் கோர் எடுப்பது என்று இரு தரப்பும் சேர்ந்து சாக்பீஸால் வட்டம் போட்டுக் கையெழுத்திடுங்கள். நல்ல தூண்களையும் சேருங்கள், மோசமானதை மட்டும் காட்டினால் உங்கள் மேல் சந்தேகம் வரும். எடுத்த துளையைச் சுருங்காத கலவையால் அன்றே அடைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட அவசரமான ஒன்று இருக்கிறது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். உங்களுக்கு இருப்பது ஆறு மாதம். நிபுணர் அறிக்கைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே படங்களோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வீடு வாங்கிய ஒவ்வொருவரும் தன் பெயரில் கையெழுத்துப் போடட்டும்.

கேள்வி: கமிஷனரை எங்கள் காரில் அழைத்து வந்து, மதியச் சாப்பாடும் கொடுக்கலாமா? மரியாதைக்காகத்தான் கேட்கிறேன். (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். உங்கள் மனது நல்லதுதான், ஆனால் அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வந்தால் எதிர்த் தரப்பின் முதல் ஆட்சேபணையே அந்தச் சாப்பாடாக இருக்கும். அவருடைய கட்டணத்தைக் கோர்ட் நிர்ணயிக்கும், அதைக் கட்டிவிட்டீர்கள். தண்ணீர் கொடுங்கள், இரு தரப்புக்கும் சேர்த்து. ஏணியும் டார்ச்சும் தயாராக வைத்திருங்கள்.