ரெஃப் கர்சர்: திறந்தது சரி, மூடுவது யார்?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ரெஃப் கர்சர் பற்றியவை. அதாவது, டேட்டாபேஸில் ஒரு ப்ரொசீஜர் க்வெரியைத் திறந்து, ரிசல்டைப் படிக்க அழைத்தவர் கையில் தரும் பிடி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். வேறு பெயர் சொல்லாத இடத்தில் எல்லாம் ஆரக்கிள் டேட்டாபேஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரக்கிளே தரும் சிஸ்_ரெஃப்கர்சர் டைப் இருக்கும்போது பேக்கேஜில் தனியாக ரெஃப் கர்சர் டைப் எதற்கு? எங்கள் பழைய கோடு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

சிஸ்_ரெஃப்கர்சர் 2001இல் வந்த 9ஐ பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் எழுதியவர்கள் தங்களுக்கென ஒரு டைப் எழுதித்தான் ஆக வேண்டும். மாற்றும் முன் அந்த டைப்பைத் திறந்து பாருங்கள். ரிட்டர்ன் போட்டு ரோடைப் (எந்தெந்த ஃபீல்டு வரும் என்ற வடிவம்) சொல்லியிருந்தால் அது ஸ்ட்ராங் டைப். செலக்டில் ஒரு ஃபீல்டு கூடினாலும் குறைந்தாலும் கம்பைல் செய்யும்போதே பிடித்துக் கொடுத்துவிடும். அதை எதற்காக இழக்க வேண்டும்? ரிட்டர்ன் இல்லாத டைப் என்றால் அதுவும் சிஸ்_ரெஃப்கர்சரும் ஒன்றுதான், தாராளமாக மாற்றலாம். ஸ்ட்ரிங்காகக் கட்டிய க்வெரியைத் திறக்க வேண்டும் என்றால் மட்டும் ஸ்ட்ராங் டைப் உதவாது.

கேள்வி: ரெஃப் கர்சர் வேலை செய்யவில்லை. அவசரம். உதவவும்.

எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, என்ன எர்ரர் நம்பர், யார் அழைக்கிறார்கள், ஜாவாவா வேறொரு ப்ரொசீஜரா? ஒன்றும் இல்லாமல் நான் எதைப் பார்ப்பது? போன முறையும் சொன்னேன், எர்ரர் வரியை முழுதாக அனுப்புங்கள்.

இவரைத் தவிர இன்னும் இரண்டு பேர் ஓரா-24338 எர்ரர் என்று எழுதியிருந்தார்கள், அவர்களுக்குப் பதில் இருக்கிறது. கர்சரைத் திறக்காமலேயே ப்ரொசீஜர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இஃப், எல்சிஃப் என்று நாலு கிளை வைத்து மூன்றில் மட்டும் ஓப்பன் எழுதியிருப்பீர்கள். நாலாவது கிளையிலும் ஒரு கர்சரைத் திறந்துவிடுங்கள். தர எதுவும் இல்லை என்றால், ஒன்றுக்கு ஒன்று சமமில்லை மாதிரி எப்போதும் பொய்யாகிற ஒரு நிபந்தனையோடு அதே ஃபீல்டுகளை செலக்ட் செய்து கொடுங்கள். அழைப்பவருக்குக் காலியான ரிசல்ட் கிடைக்கும், எர்ரர் கிடைக்காது.

கேள்வி: ரெஃப் கர்சரை ஃபார் லூப்பில் போட்டால் பிஎல்எஸ்-00221 எர்ரர் வருகிறதே?

வரத்தான் செய்யும். கர்சர் ஃபார் லூப் தானே திறந்து தானே மூடும். ரெஃப் கர்சர் திறந்த நிலையில் கைக்கு வருகிறது. எல்லாப் பதிப்பிலும் ஓடும் வழி சாதாரண லூப்பும், கர்சரிலிருந்து ரெக்கார்டை எடுக்கும் ஃபெட்சும்தான்.

கேள்வி: கர்சரைத் திறந்ததும் ரோகவுன்ட் பூஜ்யம் காட்டுகிறது. ஆனால் ரெக்கார்டு இருக்கிறது. இது பக் தானா?

பக் இல்லை. இதுவரை ஃபெட்ச் செய்தது எத்தனை என்பதைத்தான் ரோகவுன்ட் சொல்லும். மொத்த எண்ணிக்கை முன்கூட்டியே வேண்டும் என்றால் செலக்டிலேயே கவுன்ட், ஓவர் சேர்த்து ஒரு ஃபீல்டாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் சர்வர் முழு ரிசல்டையும் ஒரு முறை எண்ண வேண்டும், சும்மா வராது.

கேள்வி: பல்க் கலெக்டில் (ஒரே ஃபெட்சில் பல ரெக்கார்டை அரேக்கு எடுப்பது) லிமிட் 100 வைத்திருக்கிறேன். 1000 ரெக்கார்டு வைத்துச் சோதித்தபோது சரியாக வந்தது. நிஜ டேட்டாவில் 1037 ரெக்கார்டில் 37ஐக் காணவில்லை.

கோடையும் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி, இப்படித்தான் கேட்க வேண்டும். ஃபெட்ச் முடிந்த அடுத்த வரியிலேயே "எக்ஸிட் வென் நாட்ஃபவுண்ட்" எழுதியிருக்கிறீர்கள். கேட்டது 100, கிடைத்தது 37 என்றாலே நாட்ஃபவுண்ட் உண்மையாகிவிடும். அந்த 37 ரெக்கார்டும் அரேயில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போதே லூப்பை விட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். 1000 என்பது நூறின் மடங்கு, அதனால் சோதனையில் தப்பித்தது. 60 ரெக்கார்டு மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது, அன்றே பிடித்திருக்கலாம். அரேயின் கவுன்ட் பூஜ்யமானால் வெளியேறு என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் நாட்ஃபவுண்ட் வரியை லூப்பின் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஓரா-01000 எர்ரர் (திறந்த கர்சர்கள் வரம்பைத் தாண்டிவிட்டன) வந்துகொண்டே இருக்கிறது. ஓப்பன்_கர்சர்ஸ் 300இல் இருந்தது, 1000 ஆக்கினோம். ஒரு வாரம் சரியாக இருந்தது, மறுபடியும் வந்துவிட்டது. 5000 வைக்கலாமா?

வைக்காதீர்கள். 5000 வைத்தால் ஒரு மாதம் கழித்து இதே கேள்வியை எழுதுவீர்கள்.

இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. ஓப்பன்_கர்சர்ஸ் என்பது ஒவ்வொரு செஷனுக்கும், அதாவது டேட்டாபேஸில் நுழைந்த ஒவ்வொரு இணைப்புக்கும், உள்ள உச்ச வரம்பு. ஒழுங்காக எழுதிய அப்ளிகேஷனில் ஒரு செஷன் ஒரே நேரத்தில் சில டஜன் கர்சர்களைத் திறந்து வைத்திருந்தாலே அதிகம். 300ஐ முட்டுகிறது என்றால் யாரோ திறந்ததை மூடவில்லை. வரம்பை உயர்த்தினால் ஓட்டைத் தொட்டிக்கு அடியில் பெரிய வாளி வைத்த மாதிரி, நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நாளாகும், அவ்வளவுதான்.

நான் முன்பு பார்த்த ஓர் இடத்தில் தினமும் இரவு 2 மணிக்கு அப்ளிகேஷன் சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் "அப்படிச் செய்தால்தான் ஓடும்" என்றார்கள். வருடக்கணக்கில் இது நடந்திருக்கிறது. திறந்த கர்சர்களைக் காட்டும் வி$ஓப்பன்_கர்சரில் ஒரு செஷனை மட்டும் எடுத்து, எஸ்க்யூஎல் வாக்கியத்தின்படி குரூப் செய்து எண்ணிப் பார்த்தேன். ஒரே செலக்ட் 270 முறைக்கு மேல். ஜாவாவில் போய்ப் பார்த்தால், ரிசல்ட்செட்டை மூடும் வரி ட்ரை பிளாக்கின் கடைசியில் இருக்கிறது. நடுவில் ஒரு தேதி தப்பாக வந்து எக்ஸெப்ஷன் கிளம்பினால் கட்டுப்பாடு நேரே கேட்ச் பிளாக்குக்குப் போய்விடும், மூடும் வரி ஓடாது. அந்த ஒரு வரியை ஃபைனலிக்கு மாற்றினோம். அதோடு இரவு ரீஸ்டார்ட்டும் நின்றது.

ரீஸ்டார்ட் ஏன் குணப்படுத்துகிற மாதிரி தெரிகிறது? செஷன் முடிந்தால் அதன் கர்சர்கள் எல்லாம் போய்விடும். ஆனால் கனெக்‌ஷன் பூலில், அதாவது திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கும் இடத்தில், செஷன் முடிவதே இல்லை. உங்கள் கோடு கனெக்‌ஷனை மூடுவதாக நினைக்கிறது, அது பூலுக்குத் திரும்பி அடுத்தவர் கைக்குப் போகிறது, மூடாத கர்சரையும் தூக்கிக்கொண்டு.

ஆகவே விதி ஒன்றுதான். ப்ரொசீஜர் திறக்கும், வாங்கிப் படிப்பவர் மூட வேண்டும். ஆரக்கிளின் ப்ரொசீஜர் மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்லுக்குள் மட்டுமே புழங்கும் லோக்கல் ரெஃப் கர்சரை, பிளாக் முடிந்து வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் ஆரக்கிளே விட்டுவிடும். வெளியே கொடுத்த பிறகு அதற்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஜாவா 7இலிருந்து, தானே மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்ஸஸ் இருக்கிறது, பயன்படுத்துங்கள். ரிசல்ட்செட், ப்ரொசீஜரை அழைத்த காலபிள் ஸ்டேட்மென்ட் இரண்டையும் மூடுங்கள். ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. வி$ஓப்பன்_கர்சரில் செஷன் கேஷில் வைத்திருக்கும் கர்சர்களும் தெரியும். அதைப் பார்த்து அலற வேண்டாம். செஷன்வாரியாகக் கணக்குக் காட்டும் வி$செஸ்ஸ்டாட்டில் "ஓப்பன்ட் கர்சர்ஸ் கரன்ட்" எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போய் இறங்காமல் இருந்தால் கசிவு உறுதி.

கேள்வி: கர்சரை மூட வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்து ப்ரொசீஜரின் கடைசியில் க்ளோஸ் சேர்த்தேன். இப்போது ஒன்றுமே வரவில்லை.

மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள். வாங்கிப் படிப்பவர் மூட வேண்டும். நீங்கள் மூடியது கொடுக்கும் முன்பே.

கேள்வி: தேடல் திரையில் பத்து ஃபில்டர்கள் இருக்கின்றன, பயனர் எதை வேண்டுமானாலும் நிரப்புவார். வேர் பகுதியை ஸ்ட்ரிங்காக ஒட்டி ஓப்பன் ஃபார் செய்கிறேன். வேறு வழி இருக்கிறதா?

மதிப்புகளையும் ஒட்டுகிறீர்களா? உடனே நிறுத்துங்கள். பெயர்ப் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு மிச்சத்தைத் தானே எழுதத் தெரிந்த ஒருவர் வந்தால் உங்கள் டேபிள் அவர் கையில். கெட்ட எண்ணம் உள்ளவர் யாரும் வராவிட்டாலும், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு புது எஸ்க்யூஎல் உருவாகி ஷேர்ட் பூலை (சர்வர் எஸ்க்யூஎல்களை வைத்திருக்கும் மெமரி) நிரப்பும், ஒவ்வொன்றும் ஹார்ட் பார்ஸ், அதாவது முதலிலிருந்து அலசும் வேலை.

நிபந்தனையை ஒட்டலாம், மதிப்பை யூசிங் வழியாகப் பைண்டாகத்தான், அதாவது எஸ்க்யூஎல்லில் இடம் மட்டும் விட்டுத் தனியாகத்தான், கொடுக்க வேண்டும். எத்தனை பைண்ட் வரும் என்று தெரியாதது உங்கள் சிக்கல் என்றால், ஃபில்டர் காலியாக இருக்கும்போதும் ஒரு நிபந்தனையை வையுங்கள், "பைண்ட் நல் அல்லது ஃபீல்டு அதற்குச் சமம்" என்று. எண்ணிக்கை மாறாது. ஆனால் இங்கே பைண்ட் பெயரால் அல்ல, இருக்கும் இடத்தால் பொருந்தும். ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் யூசிங்கில் இரண்டு முறை கொடுக்க வேண்டும். ஆர்டர் பை ஃபீல்டைப் பைண்ட் செய்ய முடியாது. அனுமதித்த பெயர்களை கேஸில் எழுதி, வந்தது அதில் ஒன்றா என்று பார்த்து ஒட்டுங்கள்.

கேள்வி: ஐம்பதாயிரம் ரெக்கார்டு ஜாவாவுக்கு வர நிமிடக்கணக்கில் ஆகிறது. அதே க்வெரி சர்வரில் வேகமாக ஓடுகிறது.

ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஆரக்கிள் ஜேடிபிசி டிரைவர், சர்வருக்குப் போய்வரும் ஒரு நடைக்கு வழக்கமாக 10 ரெக்கார்டுதான் எடுக்கும். ஐம்பதாயிரத்துக்கு 5000 நடை. கர்சரிலிருந்து கிடைத்த ரிசல்ட்செட்டில் ஃபெட்ச் சைஸை 500 ஆக்குங்கள், 100 நடையில் முடியும். படித்து முடித்ததும் மூடுங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷன் ரெஃப்கர்சர் தருகிறது. ஃபெட்ச் செய்தால் "அன்நேம்ட் போர்ட்டல் 1" இல்லை என்கிறது.

ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டு அழையுங்கள். அங்கே ரெஃப்கர்சர் என்பது ஒரு போர்ட்டலின் (சர்வரில் திறந்திருக்கும் க்வெரி) பெயர் மட்டும். டிரான்ஸாக்‌ஷன் முடிந்தால் போர்ட்டலும் முடிந்தது. ஃபங்ஷன் அழைப்பே ஒரு டிரான்ஸாக்‌ஷனாகிக் கமிட் ஆகிவிடுவதால், உங்களிடம் வந்து சேர்வது வெறும் பெயர்.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வருக்கு மாறுகிறோம். ரெஃப் கர்சர் அவுட் பாராமீட்டர்களை எப்படி மாற்றுவது?

எடுத்துவிடுங்கள். ப்ரொசீஜருக்குள் செலக்ட் எழுதினாலே ரிசல்ட் வெளியே போகும்.

கேள்வி: ப்ரொசீஜர் கர்சரைத் தந்த பிறகு வேறொருவர் ரெக்கார்டுகளை அழித்துக் கமிட் செய்துவிட்டார். ஆனால் எனக்கு அவை வந்தன. எப்படி?

ஓப்பன் செய்த நொடியில் டேட்டா எப்படி இருந்ததோ அப்படித்தான் கடைசி ஃபெட்ச் வரை தெரியும். மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகளைச் சேமிக்கும் அன்டூவிலிருந்து பழைய பிரதியை ஆரக்கிள் கட்டித் தருகிறது. கர்சரைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படித்தால் அந்த அன்டூ மேலெழுதப்பட்டிருக்கலாம், அப்போது ஓரா-01555 எர்ரர் வரும். உங்கள் கோடில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் நடுவில் வெளியே ஒரு வெப் சர்வீஸை அழைக்கிறீர்கள். முதலில் எல்லாவற்றையும் எடுத்து மெமரியிலோ தற்காலிக டேபிளிலோ வைத்துக்கொண்டு, கர்சரை மூடிவிட்டு, அப்புறம் அழையுங்கள்.