தரைதட்டிய படகு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னுடையது ஒன்பது மீட்டர் பாய்மரப் படகு. ஒற்றைக் கீல் (படகைக் கவிழாமல் காக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு), நீருக்கடியில் 1.6 மீட்டர் இறங்கும். போன மாதம் ஒரு கழிமுகத்துக்குள் நுழையும்போது மணல்திட்டில் தரைதட்டிவிட்டது. கடல் ஏற்றத்தின் உச்சி கடந்து இரண்டரை மணி நேரம் ஆகி, நீர் வற்றிக்கொண்டிருந்தது. ஆழமானி 2.1 மீட்டர் காட்டிக்கொண்டிருந்தது. தட்டி நின்ற பிறகும் அதையேதான் காட்டியது. உடனே இன்ஜினை ரிவர்ஸில் போட்டு முழு வேகம் கொடுத்தேன். சற்று நேரத்தில் சூடேறி அலாரம் அடித்தது. பிறகு ஏழரை மணி நேரம் சாய்ந்து கிடந்து, அடுத்த ஏற்றத்தில் மிதந்து வெளியே வந்தோம். உள்ளே ஒரு சொட்டு நீர் வரவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வெறும் மணல்தானே, படகைக் கரையேற்றிப் பார்க்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

கரையேற்றிப் பார்க்கத்தான் வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆழமானி. 1.6 மீட்டர் இறங்கும் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது என்றால் அங்கே இருக்கும் நீர் கிட்டத்தட்ட 1.6 மீட்டர்தான். திட்டின் சரிவால் பத்து இருபது சென்டிமீட்டர் வேறுபடலாம், அரை மீட்டர் வேறுபடாது. கருவியின் உணரி தனக்குக் கீழே உள்ள நீரை மட்டுமே அளக்கிறது. அதை நீர்மட்டத்திலிருந்து காட்ட வேண்டுமா, கீலின் அடியிலிருந்து காட்ட வேண்டுமா என்பதற்கேற்ப ஒரு திருத்த எண்ணைக் கூட்டியோ கழித்தோ அமைப்பார்கள். உங்கள் கருவியில் அந்த எண் அதிகமாகக் கூட்டப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அலையில்லாத நாளில், கெட்டியான தரை உள்ள இடத்தில் நின்று, உணரிக்கு நேர் பக்கத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்து ஒப்பிடுங்கள். சேற்றில் செய்தால் குண்டு புதைந்து அளவு கூடிவிடும். சரிசெய்த பின், எங்கிருந்து அளந்த ஆழம் என்பதைக் கருவியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சுக்கான் பிடிக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். ஏற்ற வற்றம் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மொத்த வித்தியாசத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்ற கணக்கில் நீர் இறங்கும். மொத்தம் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தட்டிய மூன்றாம் மணி நேரத்தில் 75 சென்டிமீட்டர் இறங்குகிறது. நிமிடத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர். உங்கள் படகை இருபது பாகை சாய்த்தால் கீலின் நுனி ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் மேலே வரும். தட்டிய எட்டு நிமிடத்துக்குள் சாய்த்திருந்தால் தப்பியிருக்கலாம், பிறகு முடியாது. முப்பது பாகை சாய்த்தால் இருபது சென்டிமீட்டருக்குச் சற்று மேலே கிடைக்கும், ஆனால் ஆட்களின் எடையால் மட்டும் அவ்வளவு சாய்ப்பது கடினம்.

அந்த எட்டு நிமிடத்தையும் ரிவர்ஸ் தின்றுவிட்டது. பின்னோக்கிச் சுழலும் புரொப்பெல்லர் நீரை முன்பக்கம், படகின் அடிக்கே தள்ளுகிறது. கலங்கிய மணல் கீலைச் சுற்றிக் குவியும். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் உறிஞ்சும் துளை வழியாக உள்ளேயும் போகும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்து கிழியும். உங்கள் அலாரம் அடித்தது இதனால்தான் இருக்கும். வடிகட்டியைத் திறந்து கழுவுங்கள், இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். ஓர் இதழ் குறைந்திருந்தால் அந்தத் துண்டு குளிர்விப்பானுக்குள் சிக்கியிருக்கும். தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் மட்டும் போட்டால் மறுபடி சூடேறும். ரிவர்ஸ் கொடுக்கலாம், தட்டிய கணத்தில் அரை நிமிடம் மட்டும், புகைக்குழாயில் நீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

உங்கள் இடத்தில் செய்ய வேண்டியிருந்த வரிசை இது. காற்று திட்டை நோக்கித் தள்ளினால் பாய்களை உடனே இறக்க வேண்டும். காற்று ஆழத்தை நோக்கி வீசினால் பாய்தான் துணை: முன்பாயை எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டினால் படகு சாயும், கீலின் மேல் சுழன்று வந்த வழிக்குத் திரும்பும். நீங்கள் வந்த வழியில் ஆழம் இருந்தது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் உறுதியாகத் தெரியும். அதற்குள் ஒருவர் தரைப்பலகையைத் தூக்கி உள்ளே நீர் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பாறையிலோ பவளத்திலோ ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் திட்டுதான் படகைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆழத்துக்கு இழுத்தால் மூழ்கிவிடும். பிறகு எல்லோரும் ஒரு பக்கம் போய்ச் சாய்க்க வேண்டும். இரட்டைக் கீல் படகிலும், நுனியில் இறக்கை வைத்த கீலிலும் இதைச் செய்யக்கூடாது. அவை சாய்ந்தால் இன்னும் ஆழமாக இறங்கும்.

இதெல்லாம் பலிக்காமல் காத்திருப்பது என்று முடிவானாலும் நங்கூரம் போட்டாக வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நீர் திரும்ப ஏறும்போது ஒவ்வோர் அலையும் படகைச் சற்றே தூக்கி இன்னும் மேட்டுக்குத் தள்ளும். சின்னப் படகில் நங்கூரத்தையும் கயிறு முழுவதையும் ஏற்றிக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையைப் பெரிய படகில் கட்டிவிட்டு, ஆழத்தை நோக்கித் துடுப்புப் போட்டபடி கயிற்றைச் சின்னப் படகிலிருந்தே விட வேண்டும். பெரிய படகிலிருந்து விட்டால் நீரில் இழுபடும் கயிறு உங்களை நகரவிடாது. ஆழத்தைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் விட்டு, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் இறுக்கி வையுங்கள். இறுகிய நைலான் கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது; அறுந்தால் சவுக்காய்த் திரும்பி வரும்.

சாயும்போது படகு மேட்டுப் பக்கம் சாய்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழத்தின் பக்கம் சாய்ந்தால் ஏறும் நீர் படகு நிமிர்வதற்கு முன் உட்காருமிடத்தில் புகுந்துவிடும். கழிவறை, தொட்டி வால்வுகளை மூடி, டீசல் தொட்டியின் காற்றுக்குழாயை அடைத்து, படகின் வயிறு படும் இடத்தில் மெத்தையோ, மோதல் தாங்கும் பையான ஃபெண்டரோ செருகுங்கள்.

ஏற்றத்தின் உச்சியில் தட்டுவது எல்லாவற்றிலும் மோசம். 1770 ஜூன் 11 இரவு ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் கிரேட் பேரியர் பவளத்திட்டில் அப்படித்தான் மாட்டியது. பீரங்கிகள், பாரக்கற்கள் என்று நாற்பது ஐம்பது டன்னைக் கடலில் எறிந்தும் மறுநாள் பகல் ஏற்றத்தில் கப்பல் மிதக்கவில்லை. பகல் ஏற்றம் இரவு ஏற்றத்தைவிடத் தாழ்வாக இருந்தது. அன்றிரவுதான், முன்பே போட்டு வைத்த நங்கூரங்களை இழுத்து விடுவித்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின் உச்சியில் தட்டினால் இரண்டு வாரம் கிடக்க நேரலாம். ஆகவே அறியாத கழிமுகத்துக்குள் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு நுழையுங்கள். தட்டினாலும் சில நிமிடங்களில் நீரே தூக்கிவிடும்.

இனி கரையேற்றுவது. ஓடும் படகின் கீல் மணலில் நிற்கும்போது மேலே உள்ள உடல் முன்னோக்கிப் போகிறது. கீலின் முன்முனை கீழே இழுக்கப்படுகிறது, பின்முனை படகின் அடியை மேல்நோக்கிக் குத்துகிறது. சேதம் பெரும்பாலும் அந்தப் பின்முனைக்கு மேலே, உள்ளே, பலகைக்கு அடியில் இருக்கும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிகி என்ற படகு கீல் கழன்று கவிழ்ந்து நால்வர் இறந்தார்கள். பழைய லேசான தரைதட்டல்கள் படகுக்குள் வலுவூட்ட ஒட்டிய உள்சட்டத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலான பிணைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை.

உள்சட்டத்தின் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, சிறு சுத்தியலால் தட்டினால் எங்காவது மந்தமாக ஒலிக்கிறதா, கீல் போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சுக்கானைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். படகைத் தூக்குபவரிடம், பட்டைகளில் தொங்கும் நிலையில் சிறிது நேரம் அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். கீல் தொங்கும்போதுதான் இணைப்பு விரிசல் திறந்து தெரியும். தாங்குகட்டையில் இறக்கிவிட்டால் படகின் எடையே அதை மூடிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்