தம்பி கொல்லவில்லை, சரி. பிறகு ஏன் பொய் சொன்னான்?

துப்பறியும் நாவல் எழுதுகிற வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே வகை: வீட்டில் ஒருவர் மீது கொலைப்பழி, துப்புத் துலக்குவது போலீஸ் அல்ல, அதே வீட்டு ஆள்.

கே: என் நாவலில் தம்பியைக் கைது செய்கிறார்கள், அக்கா துப்பறிகிறாள். படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் "அவன் செய்யவில்லை என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறதே" என்கிறார்கள். எப்படி மறைப்பது?

ப: மறைக்காதீர்கள். கோஸி வகைக் கதையில் (ரத்தம் அதிகம் காட்டாமல், சாதாரண ஆள் துப்பறியும் கதை) சொந்தக்காரர் நிரபராதி என்பது வாசகருக்கு அட்டையைப் பார்க்கும்போதே தெரியும். அதில் சஸ்பென்ஸ் தேடுவது வீண். அவன் எதை ஒளிக்கிறான் என்பதில் தேடுங்கள்.

தம்பிக்கு ஒரு பொய் கொடுங்கள். அந்தப் பொய்க்கு எடை வேண்டும். "காதலியோடு இருந்தேன், வெளியே சொல்ல வெட்கம்" என்பதெல்லாம் தூக்குக் கயிற்றுக்கு முன்னால் நிற்காது. இரண்டாம் நாளே உளறிவிடுவான். இப்படி வைத்துப் பாருங்கள்: கொலை நடந்த அறைக்கு அவன் போனது உண்மை. போகும்போதே பெரியவர் இறந்து கிடக்கிறார். மேசையில் தன் அப்பாவைச் சிக்க வைக்கும் கடிதம். அதை எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வந்துவிடுகிறான். இப்போது அவன் கைரேகை அறையில் இருக்கிறது, அங்கே போகவே இல்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறான், வாயைத் திறந்தால் அப்பா மாட்டுவார். போலீஸ் சந்தேகப்பட நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. அவர்களை முட்டாள்களாக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாவலின் நடுவில் இந்தப் பொய் உடைய வேண்டும். உடைந்ததும் அவன் நிலைமை இன்னும் மோசமாக வேண்டும். ஆனால் அதே ஒப்புதலில்தான் அக்காவுக்கு முதல் சரியான துப்பு வரும்: அவன் போனபோது ஜன்னல் மூடியிருந்தது, காலையில் போலீஸ் பார்த்தபோது திறந்திருந்தது. அவனுக்குப் பிறகு யாரோ வந்திருக்கிறார்கள்.

கே: தம்பிக்கு எதிரான எல்லாத் தடயங்களையும் கொலைகாரனே திட்டமிட்டு வைத்ததாக எழுதலாமா?

ப: எழுதினால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். தம்பி எப்போது வருவான், எதைத் தொடுவான் என்பதெல்லாம் தெரிந்த ஆளாகக் கொலைகாரன் இருக்க வேண்டியிருக்கும். ஆறு பேர் இருந்த சந்தேக வட்டம் இரண்டு பேராகச் சுருங்கிவிடும். பெரும்பாலான தடயங்கள் தம்பியின் சொந்த முட்டாள்தனத்தால் வந்ததாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் வைக்கப்பட்டதாக இருக்கட்டும்.

கே: இறந்தது சரியாக இரவு 9.40 என்று டாக்டர் சொல்வதாக எழுதியிருக்கிறேன். சரிதானா?

ப: அடித்துவிடுங்கள். உடலை மட்டும் பார்த்து நிமிடக் கணக்கு சொல்ல முடியாது. விறைப்பு பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தெரிய ஆரம்பித்து, 12 மணி நேர வாக்கில் உடல் முழுவதும் பரவி, பிறகு ஒரு நாள், ஒன்றரை நாளில் தளரும். சூடு, குளிர், உடல்வாகு எல்லாமே இதை முன்பின்னாகத் தள்ளும். டாக்டர் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி சொல்லட்டும். அதைக் குறுக்குவது கடைசி போன் அழைப்பு, கடைசியாகப் பார்த்தவர் மாதிரியான சாதாரண விஷயங்கள். உங்களுக்கும் அதுதான் வசதி. தம்பி உள்ளே இருந்த இருபது நிமிடம் அந்த இடைவெளிக்குள் விழுந்தால் போதும்.

ஏசியை வைத்து நேரத்தைக் குழப்புவதாக எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிரில் உடல் வேகமாகச் சூடு இழக்கும், விறைப்போ தாமதமாகும். ஒரு அடையாளம் முன்னதாகச் செத்தார் என்று சொல்லும், மற்றது பின்னால் என்று சொல்லும். கவனமான டாக்டருக்கு அந்த முரண்பாடே சந்தேகத்தைக் கிளப்பும். அதைத் துப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

கே: எத்தனை பக்கம்? ரத்தம் எவ்வளவு?

ப: 60,000 முதல் 80,000 சொற்கள். கொலை திரைக்குப் பின்னால்.

கே: துப்புகளை எங்கே ஒளிப்பது? என் தோழி நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ப: துப்பு ஒரு வாக்கியமாகத் தனியே நின்றிருக்கும், அதுவும் பத்தியின் கடைசியில். அந்த இடத்தை வாசகர் விடவே மாட்டார். அறையில் கிடக்கும் ஏழெட்டுப் பொருட்களின் நடுவில் போடுங்கள். அடுத்த வரியிலேயே ஒரு சண்டையோ சிரிப்போ வரட்டும். இதைவிடத் தேர்ந்த வழி, உண்மையை அப்படியே காட்டிவிட்டு, நம்பகமான ஒருவர் வாயால் தப்பான அர்த்தம் சொல்ல வைப்பது. "ஜன்னலை நான்தான் காற்றுக்காகத் திறந்தேன்" என்று வேலைக்கார அம்மாள் சொல்லிவிட்டால் வாசகர் அதை மறந்துவிடுவார். எந்த ஜன்னலைத் திறந்தாள் என்று அக்கா கேட்க இருநூறு பக்கம் ஆகட்டும்.

மறைக்கலாம், பதுக்கக் கூடாது. துப்பறிபவர் கண்டது வாசகருக்கும் உடனே தெரிய வேண்டும், தற்செயல் அவருக்கு உதவக் கூடாது என்று 1929இல் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளில் வரும். மற்ற சில விதிகள் பழசாகிவிட்டன. இவை இரண்டும் இன்னும் செல்லும்.

எழுதத் தொடங்கும் முன் கொலைகாரனின் அந்த ஒரு நாளை அரை மணிக்கு ஒரு வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டத்தில் அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்று குறியுங்கள். ஜன்னல், சாவி விஷயங்களில் கதையில் இருக்கும் ஓட்டை எல்லாம் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

கே: அக்கா தடயத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறாள். தவறா?

ப: தவறுதான். அவள் எடுத்த நிமிடமே, அது அங்கே இருந்தது என்பதற்கு அவள் வாய்ச்சொல் மட்டும்தான் மிச்சம். குற்றம் சாட்டப்பட்டவனின் அக்கா சொல்வதை யார் நம்புவார்கள்? போட்டோ எடுத்துவிட்டு, சம்பந்தமில்லாத ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

கே: கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். சப்பென்று இருக்கிறது.

ப: அந்த வாக்குமூலத்தை முழுக்க வெட்டிவிட்டுப் படியுங்கள். தம்பி விடுதலை ஆவானா? ஆகமாட்டான் என்றால் ஆதாரம் போதவில்லை, அந்தக் குழியை மூடத்தான் வில்லன் பேசிக்கொண்டே போகிறான். மேலே சொன்ன கடிதத்தைப் பயன்படுத்துங்கள். அப்படி ஒன்று இருந்ததே எடுத்த தம்பிக்கும், அதைத் தேடி இரவில் திரும்பி வந்தவனுக்கும்தான் தெரியும். தம்பி அக்காவிடம் மட்டும் சொல்கிறான், அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சந்தேகத்துக்குரிய ஒருவர் பேச்சுவாக்கில் "அந்தக் கடிதம் கிடைத்ததா?" என்று கேட்கிறார். கேட்கும்போது அறையில் இன்ஸ்பெக்டரும் இருக்கட்டும்.