டொனால்டு பைபிள் பேரா?

கேள்வி: எங்க தாத்தா குன்னூர் பக்கம் எஸ்டேட்ல கங்காணியா இருந்தவரு, அங்க இருந்த ஸ்காட்லாந்து தொரை பேரையே சித்தப்பாவுக்கு வச்சிட்டாரு, டொனால்டுன்னு. சர்ச்சுல கேட்டா தானியேலோட இன்னொரு வடிவம்ங்கிறாங்க, பசங்க வாத்துன்னு கிண்டல் பண்றாங்க. இது எந்த ஊர் பேருங்க?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வாத்த விடுங்க, அது 1934ல வந்த டொனால்டு டக் கார்ட்டூன். பேரு அதுக்கு ஆயிரம் வருஷம் மூத்தது, பைபிளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மொழிகளுக்கு மூலமான பழைய கெல்டிக் மொழியில டும்னோன்னா உலகம், வாலோஸ்னா ஆள்றவன், ரெண்டும் சேர்ந்து டும்னோவாலோஸ். இதே டும்னோ வர்ற பேரோட பிரிட்டன்ல டும்னோவெல்லாவுனஸ்னு ஒரு ராஜா இருந்தாரு, அவர் அடிச்ச காசு கென்ட், எசெக்ஸ் பக்கம் கெடச்சிருக்கு, ஆனா உலகத்த ஆள்ற பேர வச்சிக்கிட்டு கடைசியில ரோம் சக்கரவர்த்தி அகஸ்டஸ்கிட்ட அடைக்கலம்னு போயி நின்னாரு பாவம், அகஸ்டஸ் அத தன் சாதனைக் கல்வெட்டுலயே போட்டுக்கிட்டாரு.

டும்னோவாலோஸ் அயர்லாந்துல தேஞ்சு டோம்னல் ஆச்சு, வேல்ஸ்ல டிவ்ன்வல். ஸ்காட்லாந்துல அந்தப் பேர்ல ராஜாக்களே உண்டு, முதல் டொனால்டு 862ல செத்தாரு. சரி, கடைசியில அந்த ‘டு’ எங்கேர்ந்து வந்துச்சு? ஸ்காட்லாந்துல கேலிக் (Gaelic) மொழி பேசினவங்க சொன்னத இங்கிலீஷ்காரங்க தங்க காதுக்குக் கேட்ட மாதிரி எழுதினப்போ ஒட்டிக்கிட்டது, ரொனால்டு மாதிரி பேருங்க ஏற்கனவே அவங்களுக்குப் பழக்கம் வேற.

சர்ச்சுல சொன்னதுலயும் ஒரு காரணம் இருக்குங்க. தானியேல் எபிரேயப் பேரு, கடவுளே என் நீதிபதின்னு அர்த்தம், வேர் வேற. ஆனா அயர்லாந்துல இங்கிலீஷ்ல எழுதுறப்போ டோனல்ங்கிற (டோம்னல்தான் இப்படி ஆச்சு) பேருக்காரங்கள்ல நெறய பேர் டேனியல்னு போட்டுக்கிட்டாங்க, கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடின டேனியல் ஓ'கானல் கூட அயரிஷ்ல டோனல்தான்.

‘மாக்’னா மகன், ‘ஓ’ன்னா பேரன். மெக்டொனால்டு, ஓ'டானல் ரெண்டும் இந்தப் பேர்லேர்ந்து கெளைச்ச குடும்பப் பேருங்க, பர்கர் கடைய ஆரம்பிச்ச அண்ணன் தம்பியோட அப்பா அம்மாவும் அயர்லாந்துலேர்ந்து அமெரிக்கா போனவங்கதான்.